விண்டர் டைம்டேபிள் குழுவின் நான்காவது இடைவெளி

எல்லோரும் சௌக்கியமா, கண்ணுகளா? இருமல் எல்லாம் விட்டதா? இங்கே ஷெஃபீல்டில் ஜனவரியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. என் இடது முழங்கால் மேடு ஏற மாட்டேன் என்கிறது. இந்த ஊரிலோ மேடு ஏறாமல் ஒரு ரொட்டி வாங்க முடியாது. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து இதைக் கற்று வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் நெவில் போய்விட்டான். உங்களில் சிலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். விண்டர் டைம்டேபிள் என்ற குழுவில் சாம்பல் நிற மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத முகத்தோடு பாடினானே, அவன்தான். பக்கத்தில் சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியை வாசித்த பெண் நான், பெவர்லி. எங்கள் குழுவில் இரண்டே பேர். மூன்றாவது ஆள் தாளம் போடும் ஒரு மின்பெட்டி. அது மட்டும்தான் நேரத்துக்கு வரும்.

அப்போது இங்கே எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது; கற்றுக்கொள்ளப் பொறுமையும் கிடையாது. ஒரு விரலால் வாசிக்கக்கூடிய பெட்டி ஒன்று கடைகளில் வந்தது. அவ்வளவுதான், புது அலை பிறந்துவிட்டது. இதைப் பற்றி இப்போது பல்கலைக்கழகத்தில் எண்ணூறு பக்கத்துக்கு எழுதுகிறார்கள். பாட்டுக்கு வரி வேண்டுமே என்று தவித்தபோது, நெவில் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த குளிர்காலக் கால அட்டவணையைக் கிழித்துக்கொண்டு வந்து அப்படியே பாடினான். குழுவுக்குப் பெயரும் அதிலிருந்தே கிடைத்தது.

முதல் கச்சேரி எழுபத்தொன்பது நவம்பரில், ஆட்டர்கிளிஃபில் ஒரு பப்பின் மாடி அறையில். வந்தவர்கள் பதினோரு பேர். நான் எண்ணினேன், எண்ண நேரம் நிறைய இருந்தது. பப்காரர் ரெஜ், நெவிலின் அம்மா எட்னா, டார்ட்ஸ் சங்கக் கூட்டம் என்று நினைத்து அறை மாறி வந்த நாலு பேர், மழைக்கு ஒதுங்கிய மூன்று பேர், அவர்களில் ஒருவருடைய தம்பி, கணப்புப் பக்கத்தில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஓர் அம்மாள். நெவில் தன் அத்தானிடம் கடன் வாங்கிய பெரிய சுருள் டேப் மெஷினை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தான்.

அந்தக் காலத்து சிந்தசைசருக்கு ஒரு குணம் உண்டு. அறை சூடானால் சுருதி நழுவிவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்காமல், குமிழைத் திருகித் திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். எனக்கு ஊஊஊ என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த நேரத்தை ஓட்ட நெவில் ஜனங்களிடம் பேசிக்கொண்டிருந்தான். ஐந்து பாட்டு, நான்கு இடைவெளி. முதல் மூன்று இடைவெளியிலும் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன், சத்தம் கேட்கவில்லை. நான்காவதில் யாரும் சிரிக்கவில்லை. நெவில் என் பக்கம் கை காட்டி ஏதோ சொன்னான். பதினோரு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பச்சைத் தலைத்துணி அம்மாள் கண்ணைத் துடைத்தாள். நான் ஹெட்போனைக் கழற்றினேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பேருந்தில் திரும்பும்போது கேட்டேன்.

"அவங்ககிட்ட என்னடா சொன்ன?"

"எப்போ?"

"நாலாவது தடவை. எல்லாரும் என்னையே பாத்தாங்களே."

"நீ சட்டைல பட்டன் மாத்திப் போட்டிருக்கேன்னு சொன்னேன்."

"பொய். அதுக்கு ஒரு பொம்பளை அழுவாளா?"

"டேப்ல இருக்கு, பெவ். கிழவியானப்புறம் போட்டுக் கேளு."

மறுநாள் ரெஜ்ஜிடம் கேட்டேன். "அதை உன் ஆள்கிட்டயே கேளும்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி டம்ளரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எட்னாவிடம் கேட்டேன். "சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்டி" என்றாள். அந்த சத்தியத்தோடேயே தொண்ணூற்று நாலில் போய்ச் சேர்ந்தாள். ரெஜ் அதற்கும் முன்னாலேயே.

நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினோம். ஒவ்வொரு நவம்பரிலும் கேட்பேன். ஒவ்வொரு நவம்பரிலும் அதே பதில். டேப் அலமாரி மேலே, சுருள் ஓட்டும் மெஷின் எங்களிடம் இல்லை, வாங்குகிறேன் என்றால் விடமாட்டான். "எல்லாத்தையும் இப்பவே கேட்டுட்டா அப்புறம் என்னத்தடி பேசுறது?" என்பான்.

நாங்கள் மேலே வந்த கதை சின்னது. க்வென்டின் என்று ஒரு மேனேஜர் லண்டனிலிருந்து வந்தார். நெவில் பேசிய ஐந்தாவது நிமிஷத்தில் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இந்தப் பையன் சிரிக்கக் கூடாது. பேசவும் கூடாது. வாயத் திறந்தா பக்கத்து வீட்டு ஆள் மாதிரி இருக்கான்" என்றார். அன்றோடு சரி. மேடையில் பேச்சு கிடையாது. பேட்டியில் கேள்வி கேட்டால் தட்டச்சு அடித்த அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பாடும் குரலையும் ஒரு பெட்டி வழியாக விட்டு இரும்பாக்கிவிட்டார்கள். அட்டவணையிலிருந்து எடுத்த 'ஞாயிறு ஓடாது' என்ற எங்கள் பாட்டு இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் பதினாலாவது இடம் வரை ஏறியது. டிவியில் அந்த மூன்று நிமிஷம் சிரிக்காமல் நிற்க நெவில் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தபோது வாயெல்லாம் ரத்தம். மறுநாள் பத்திரிகையில், 'ஒரு தலைமுறையின் வெறுமை அந்த முகத்தில் உறைந்திருக்கிறது' என்று எழுதினார்கள்.

எண்பத்து நாலில் எல்லாம் முடிந்தது. நெவில் கேஸ் இணைப்பு பார்க்கும் வேலைக்குப் போனான். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தேன். அவன் போன வீடுகளில் எல்லாம் கிழவிகள் அவனை டீ குடிக்காமல் விட்டதில்லை, அவ்வளவு பேச்சு.

இப்போது பாருங்கள், அவன் பாடிய ஒவ்வொரு பாட்டும் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லாம் இரும்புக் குரல். மனுஷக் குரலில் அவன் பேசியது இந்த உலகத்தில் ஒரே ஒரு டேப்பில்தான். அந்த டேப்பை நாங்களே பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டோம்.

யாரிடம் என்றால், வடபுல மின்னிசை மரபு அறக்கட்டளையிடம். கரண்டித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் அதைத் தொடங்கினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்து சிந்தசைசர், மழைக்கோட்டு, டேப் எல்லாவற்றையும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் போனார்கள். மேஜையில் இருந்த நெவிலின் டீக் கோப்பையையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். அதில் பாதி டீ இருந்தது. "இதையுமா?" என்றான் நெவில். "அப்படியே இருக்கட்டும் சார், மூல நிலைல இருக்கு" என்றார்கள். இன்றும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே வளர்ந்திருப்பதைப் பற்றித் தனியாக ஒரு விளக்கப் பலகை உண்டு.

நெவில் இறந்த வாரம் அறக்கட்டளையிடமிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. அதை முழுசாகவே தருகிறேன்: 'திரு. நெவில் ஆக்ஸ்லி காலமானதைப் பதிவு செய்துகொண்டோம். அவரது கலைக்கு மரியாதை செலுத்தும் விதமாக இக்கடிதத்தில் எந்த உணர்ச்சியும் சேர்க்கப்படவில்லை.'

மார்ச் மாதம், முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மேடு ஏறிப் போனேன். வாசலில் டெரன்ஸ் என்பவர் உட்கார்ந்திருந்தார். சம்பளமில்லாத தொண்டர், நல்ல மனுஷர். மார்பில் வட்டமாக ஒரு வில்லை: 'நான் அங்கே இருந்தேன் – 0017'.

"எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"முதல் கச்சேரிலம்மா! விண்டர் டைம்டேபிள். எழுபத்தொன்பது. ஐயோ, அது என்ன கூட்டம்! வரிசை பாலம் வரைக்கும் நின்னுச்சு. போலீஸ் வந்துச்சு."

"பதினோரு பேர்தான் இருந்தோம்… இருந்தாங்க."

"யார் சொன்னா?"

"நான் எண்ணினேன். மேடைல இருந்தேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மேடைலேர்ந்து பாத்தா கூட்டம் தெரியாதும்மா. விளக்கு கண்ணக் கூசும்."

எங்கள் ஊரில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. குறிப்பிட்ட வயது ஆண்கள் எல்லோரும் அந்தக் கச்சேரியில் இருந்தவர்கள். பல் டாக்டர் இருந்தார். பாதிரியார் இருந்தார். என்னை ஒருமுறை வேகமாகக் கார் ஓட்டியதற்கு நிறுத்திய போலீஸ்காரர் இருந்தார், கச்சேரி நடந்தபோது அவருக்கு மூன்று வயது இருக்கும். அறக்கட்டளை இதற்கென்று 'முதல் கச்சேரிப் பதிவேடு' ஒன்றைத் திறந்தது. அதில் இன்றைய தேதிக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். அந்த மாடி அறை எங்கள் வீட்டு முன்னறையைவிடக் கொஞ்சம் பெரிசு.

இயக்குநர் டாக்டர் பிப்பா லாங்ஸ்டாஃப் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சுத்தமான பெண்மணி. அவர் மேஜையில் ஒரு குண்டூசிகூடக் கிடையாது.

"டேப்பைக் கேக்கணும், அவ்வளவுதாம்மா. பாட்டு வேணாம். நடுவுல அவர் பேசினது மட்டும்" என்றேன்.

"புரியுது மிஸஸ் ஆக்ஸ்லி. நிறைய பேர் கேக்கறாங்க. அதுக்குத்தான் ஏழாம் படிவம் இருக்கு."

ஏழாம் படிவத்தில் 'பொருளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம். மனைவி என்று எழுதினேன். பத்து நாளில் திரும்பி வந்தது: 'பொருள் ஒரு டேப். டேப்புக்கு மனைவி இருக்க முடியாது.' சிந்தசைசர் வாசித்தவள் என்று திருத்தி அனுப்பினேன். அதற்கு, கச்சேரியின்போது நான் அங்கே இருந்ததைப் பதிவேட்டில் உள்ள இருவர் உறுதி செய்ய வேண்டும் என்று பதில். நானே பதிவேட்டில் சேர்ந்துவிடுகிறேன் என்றேன். முடியாது, பதிவேடு பார்வையாளர்களுக்கு மட்டும்.

"அப்ப அன்னிக்கு அங்க இருந்ததா சொல்ல முடியாத ஆள் இந்த ஊர்லயே நான் ஒருத்திதானா?" என்று டாக்டர் பிப்பாவிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "உங்க கணவரும்தான். ஆனா அவர் விண்ணப்பிக்கலையே."

டெரன்ஸிடம் போனேன். சாட்சி சொல்லத் தயங்கினார்.

"மனசாட்சிக்கு விரோதமா எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? மேடைல ஒரு பொண்ணு இருந்த ஞாபகமே இல்லையே எனக்கு."

"அப்ப சிந்தசைசரை யார் வாசிச்சா?"

"அது தானா வாசிக்கும்னு நினைச்சேன்."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. கண்காட்சியில் சிந்தசைசருக்குப் பின்னால் தலையில்லாத பொம்மை ஒன்றுதான் நிற்கிறது, 'இயக்குபவர்' என்று எழுதி. கடைசியில் ஒரு தட்டு இஞ்சி கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது துண்டில் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய நண்பர் 0203-க்கும் வந்தது.

மே மாதம் அறங்காவலர் குழு முன்னால் ஆஜராகச் சொன்னார்கள். நீளமான மேஜை, ஐந்து பேர், ஐவரும் சாம்பல் நிறத்தில். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"மிஸஸ் ஆக்ஸ்லி, அந்த டேப்ல என்ன இருக்கும்னு நீங்க எதிர்பாக்கறீங்க?"

"என் புருஷன் பேசறது, சார். கொஞ்சம் சிரிக்கறதும் இருக்கும்."

மேஜையில் ஒரு சலசலப்பு. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார்.

"அவர் சிரிச்சாரா?" என்றார் தலைவர்.

"எப்பவும் சிரிப்பார் சார். தூக்கத்துலகூட."

"இதைக் 'கூறப்படும் சிரிப்பு'ன்னு பதிவு பண்ணிக்கோங்க" என்றார் தலைவர், குறிப்பு எழுதுகிறவரிடம்.

டாக்டர் பிப்பா எழுந்து நின்றார். அந்தப் பேச்சை நான் மறக்கவே மாட்டேன்.

"குழுவினரே, இந்த ஊர்ல ஆலை போச்சு, வேலை போச்சு. மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, உணர்ச்சி இல்லாம நிக்கிற ஒரு மனுஷனோட முகம். அதை வெச்சுத்தான் இந்தக் கட்டடம் எழுந்துச்சு. கீழ இருக்கற உணவகம் எழுந்துச்சு. என் பதவியும் எழுந்துச்சு. ஜப்பான்லேர்ந்து ஆராய்ச்சிக்கு வர்றாங்க. அவங்ககிட்ட போய், 'அவர் நல்லா சிரிச்சுப் பேசற ஆளு, பக்கத்து வீட்டுக் கிழவிக்கு பல்பு மாத்திக் குடுப்பாரு'ன்னு சொல்ல முடியுமா? மிஸஸ் ஆக்ஸ்லியோட துக்கத்தை நான் மதிக்கறேன். ஆனா நெவில் ஆக்ஸ்லிங்கறவர் அவங்களோட வாழ்ந்த நபர் மட்டும் இல்லை. அந்த நபர் எங்களுக்கு அவசியமும் இல்லை."

எல்லோரும் மேஜையை மெதுவாகத் தட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டேன்.

இருபது நிமிஷம் கேட்க அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் எழுத்தில் வந்தன. கேட்கும் அறைக்குள் சாம்பல் நிற மழைக்கோட்டு அணிய வேண்டும், அறக்கட்டளையே தரும். கேட்டதை வெளியே விவரிக்கக் கூடாது. அறைக்குள் அழக் கூடாது. ஏன் என்று கேட்டேன். கண்ணீரால் அறையின் ஈரப்பதம் கூடி, சேகரிப்புக்குக் கெடுதலாம். கையெழுத்துப் போட்டேன். எதில் வேண்டுமானாலும் போட்டிருப்பேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி. முந்தின நாளே தலை குளித்தேன். சிரிக்காதீர்கள், அவன் குரலைக் கேட்கப் போகிறேன் என்று உதட்டுச்சாயம்கூடப் போட்டுக்கொண்டேன். நாற்பத்திச்சொச்சம் வருஷம் காத்த வார்த்தை. அது வேடிக்கையாக இருந்தாலும் போதும், பட்டன் விஷயமாகவே இருந்தாலும் போதும். பெட்டிக்குள் போகாத அந்தக் குரல் ஒரு தடவை.

டேப் பராமரிக்கும் ஜூலியன் என்னைக் கேட்கும் அறைக்கு அழைத்துப் போனார். மெலிந்த மனுஷர், மரியாதையானவர். மழைக்கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டார். அது நெவிலின் அளவு. ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டேன்.

முதல் பாட்டு. என் விரல் தடுமாறுவதுகூடக் கேட்டது. ஆறாவது வரியில் ஒரு தப்பு. பாட்டு முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது.

ஏதோ தவறு என்று நினைத்தேன். இரண்டாவது முடிந்தது, மூன்றாவது ஆரம்பித்தது. நடுவில் ஒரு துளிச் சத்தம் கிடையாது. இருமல் இல்லை, நாற்காலி நகர்வது இல்லை. நான்காவது முடிந்தது. எண்ணிக்கொண்டேன்: ஒன்று, இரண்டு. ஐந்தாவது ஆரம்பித்தது. பதினான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன். "தம்பி, நடுவுல அவர் பேசினது எங்க?"

ஜூலியனின் முகம் மலர்ந்தது. பாவம், பாராட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"கவனிச்சீங்களா மேடம்? ஆறு மாச வேலை அது. முதல்ல டேப்பை அடுப்புல வெச்சு வாட்டினோம், இல்லேன்னா ஒட்டிக்கும். வாட்டினப்புறம் ஒரு தடவைதான் ஓடும், அப்புறம் மேல்பூச்சு உதிர்ந்துடும். அந்த ஒரே ஓட்டத்துல கணினிக்கு மாத்தினேன். அப்புறம் இடையூறுகளை நீக்கினேன். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு. ஒரு இடத்துலகூடத் தையல் தெரியாது."

"நீக்கினதை எங்க வெச்சிருக்கீங்க?"

"கழிவை வெச்சுக்கறதில்லை மேடம். விதி."

"டேப்?"

"டேப் பத்திரமா இருக்கு! கண்ணாடிப் பெட்டியில. ஆனா அதுல இப்ப சத்தம் இல்லை."

மழைக்கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜூலியனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அறைக்குள் தண்ணீர் கூடாது என்று ஞாபகம் வந்து வாசலிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீக்கினதுக்குப் பட்டியல் இருக்கு மேடம். நகல் தரட்டுமா?" என்றார்.

தந்தார். இப்போது என் முன்னால் இருக்கிறது. ஒன்பது பக்கம். 'இருமல், ஆண். நீக்கப்பட்டது.' 'நாற்காலி. நீக்கப்பட்டது.' 'ஆண் குரல், வானிலை குறித்து. இசை மதிப்பு இல்லை. நீக்கப்பட்டது.' 'கூட்டச் சிரிப்பு, பதினொரு வினாடி. நீக்கப்பட்டது.' 'ஆண் குரல், தன் தாயைக் கேலி செய்கிறது. தாய் பதிலுக்குத் திட்டுகிறாள். நீக்கப்பட்டது.' எட்னாவும் அதில் இருந்திருக்கிறாள், பாருங்கள். அவளையும் சேர்த்து.

நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது வரி இப்படி: 'நான்காவது பாட்டுக்குப் பின். ஆண் குரல், ஒரு நிமிடம் நாற்பது வினாடி. தனிப்பட்டது. சிரிப்பு இல்லை. நீக்கப்பட்டது.'

"தனிப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்களே, அப்ப நீங்க கேட்டிருக்கீங்க. என்ன சொன்னார்?" என்று தரையிலிருந்தே கேட்டேன்.

"தனிப்பட்டதை முழுசா கேக்க மாட்டோம் மேடம். நேரம் பத்தாது. ஒரு வார்த்தை கேட்டாலே வகை தெரிஞ்சுடும், உடனே வெட்டிடுவோம்."

"அந்த ஒரு வார்த்தை என்ன?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். மனுஷர் உண்மையாகவே முயற்சி செய்தார்.

"பெவ்."

அறைக்குள் அழக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன் அல்லவா, அதனால் நடைபாதைக்கு வந்து அழுதேன். ஜூலியன் பக்கத்திலேயே நின்றார். அந்தத் தண்ணீர் டம்ளரை அப்போதும் கையில் வைத்திருந்தார், கொடுக்கத் தோன்றவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அது அறக்கட்டளை விதிக்குப் புறம்பா என்று தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

போகும் வழியில் வாசலில் கருத்துப் படிவம் நீட்டினார்கள். 'உங்கள் அனுபவம் எவ்வளவு உணர்ச்சியற்றதாக இருந்தது? ஒன்று முதல் ஐந்து.' எழுதாமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் டாக்டர் பிப்பாவிடமிருந்து ஒரு பொதி வந்தது. என் ஒத்துழைப்பைப் பாராட்டி, விதியைத் தளர்த்தி, என்னைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்களாம். உள்ளே ஒரு வட்ட வில்லை: 'நான் அங்கே இருந்தேன் – 4319'.

இருந்தேன்தான். காதை மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு குமிழைத் திருகிக்கொண்டு, சுருதி சேரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு. மூன்று அடி தூரத்தில் அவன் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி என்னைப் பற்றிப் பேசியிருக்கிறான். நான் ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை. எல்லோரும் திரும்பியபோதுதான் கழற்றினேன்.

அதனால் இதை எழுதுகிறேன், கண்ணுகளா. பதிவேட்டில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பேர் இருக்கிறீர்கள். டெரன்ஸ் ஏற்கெனவே ஆறு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் நெவில் மேடையிலேயே மண்டியிட்டு எனக்கு மோதிரம் போடுகிறான், கூட்டம் கூரை அதிர ஆர்ப்பரிக்கிறது, போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அப்படி வேண்டாம். உங்களில் யாராவது நிஜமாகவே அன்று மழைக்கு அந்தப் பப்பில் ஒதுங்கியிருந்தால், அல்லது டார்ட்ஸ் கூட்டம் என்று அறை மாறி வந்திருந்தால், அல்லது பச்சைத் தலைத்துணி கட்டும் ஓர் அத்தையோ பெரியம்மாவோ உங்கள் வீட்டில் இருந்து, அன்று வீட்டுக்கு வந்து எதையாவது சொல்லியிருந்தால், எனக்கு எழுதுங்கள். அரைகுறையாக ஞாபகம் இருந்தாலும் பரவாயில்லை. முதல் வார்த்தை எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து எழுதினால் போதும்.